'பிஸ்ட்ரோ' என்ற பெயர் கொசாக்குகள் விட்டுப்போனதா?

கேள்வி இது: "பாரிசில் மோன்மார்த்ர் குன்றுக்குப் போயிருந்தோம். வழிகாட்டி ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டி, 'பிஸ்ட்ரோ என்ற பெயர் இங்கேதான் பிறந்தது, 1814இல் ரஷ்யச் சிப்பாய்கள் சீக்கிரம் கொண்டு வா என்று தங்கள் மொழியில் கத்தியதுதான் அந்தச் சொல்' என்றார். உண்மையா? பிஸ்ட்ரோ, பிராஸ்ரி, கஃபே, ரெஸ்டாரன்ட் எல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா?"

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: உண்மை இல்லை, பெரும்பாலும். நானும் பல வருடம் இந்தக் கதையை நம்பி, ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்கு எல்லாம் அதே கடையின் சுவருக்கு முன் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது ஒரு பிஸ்ட்ரோவின் சமையலறையில் இரண்டு வருடம் பாத்திரம் கழுவினேன். அங்கே இருந்த வயதான சமையல்காரர்தான் சிரித்துக்கொண்டே, "அதை எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லு" என்றார். அதற்கு அப்புறம்தான் அகராதிகளைப் புரட்டினேன்.

நீங்கள் பார்த்தது பிளாஸ் து தெர்த்ர் சதுக்கத்தில் இருக்கும் 'லா மேர் கத்தரீன்' கடையாகத்தான் இருக்கும். 1793இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் கடை. வாசல் சுவரில் ஒரு பலகை உண்டு. 1814 மார்ச் 30 அன்று கொசாக்குகள், அதாவது ரஷ்யப் படையின் குதிரை வீரர்கள், தங்கள் புகழ்பெற்ற 'பிஸ்ட்ரோ'வை முதன்முதலில் இங்கேதான் உரக்கச் சொன்னார்கள், நம் பிஸ்ட்ரோக்களின் மூதாதை இந்தக் குன்றில் இப்படித்தான் பிறந்தது என்று அதில் எழுதியிருக்கும். இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் '180ஆவது ஆண்டு' என்ற வரியும் தெரியும். கணக்குப் போடுங்கள்: 1994. வட்டாரச் சுற்றுலா அமைப்பு வைத்த பலகை அது. கதைக்குச் சாட்சியாக எல்லாரும் கைகாட்டும் பலகைக்கு வயது முப்பதுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

பலகையில் இருக்கும் தேதியே கொஞ்சம் இடிக்கிறது. மார்ச் 30 என்பது நெப்போலியனை வீழ்த்த வந்த ரஷ்யாவும் அதன் நேச நாடுகளும் பாரிசுக்காகச் சண்டை போட்ட நாள். மோன்மார்த்ர் அப்போது பாரிசில் சேர்ந்ததில்லை. காற்றாலைகள் நின்ற தனிக் கிராமம். 1860இல்தான் அதை நகரத்தோடு இணைத்தார்கள். ரஷ்யப் படை அந்தக் குன்றில் ஏறியதே பொழுது சாயும் நேரத்தில்தான். ஏறிய படைக்குத் தலைமை தாங்கிய லாஞ்ஜெரோன் பிறப்பால் பிரெஞ்சுக்காரர், புரட்சிக் காலத்தில் நாட்டை விட்டுப் போய் ரஷ்யச் சேவையில் சேர்ந்தவர். நகரம் சரணடைந்தது அன்று நள்ளிரவு தாண்டி. ஜார் அலெக்சாந்தர் ஊர்வலமாக உள்ளே வந்தது 31ஆம் தேதி. பீரங்கிப் புகை அடங்காத குன்றில், அதே மாலை, கடைக்காரரை அவசரப்படுத்திக் குடித்தார்கள், அந்தச் சொல்லை ஊரே பிடித்துக்கொண்டது என்றால், நம்புவதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

கதையில் பொய்யாக இல்லாத பகுதியும் இருக்கிறது. கொசாக்குகள் பாரிசுக்கு வந்தார்கள், ஷான்ஸ் எலிசேயில் கூடாரம் அடித்தார்கள், தாடியும் ஈட்டியும் குதிரையுமாக இருந்த அவர்களைப் பார்க்கப் பாரிஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்தக் காட்சிகளைத் தீட்டிய ஓவியங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் நேச நாட்டுப் படைகள் அங்கே தங்கியது இரண்டு மாதம்தான். மே 30இல் உடன்படிக்கை கையெழுத்தானது, ஜூன் தொடக்கத்தில் மூட்டை கட்டினார்கள். அதிகாரிகளில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிரெஞ்சு பேசி வளர்ந்த பிரபுக்கள். அவர்களுக்குச் 'சீக்கிரம்' என்பதற்கு நல்ல பிரெஞ்சுச் சொல்லே தெரியும்.

இதெல்லாம் சந்தர்ப்பச் சான்று. கதையை நிஜமாகவே கவிழ்ப்பது சொல்லின் பிறந்தநாள். அகராதிகள் காட்டும் மிகப் பழைய அச்சுச் சான்று 1884ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாரிசின் ரோக்கெத் சிறையில் பாதிரியாராக இருந்த அபே மொரோ எழுதிய நினைவுக் குறிப்புகளில் அது வருகிறது. 1814க்கும் 1884க்கும் நடுவே எழுபது வருடம். அந்த எழுபது வருடமும் பாரிஸ் மௌனமாக இருந்த காலமா என்றால், நேர் எதிர். குடிகாரர்கள், திருடர்கள், கசாப்புக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்தின் கொச்சைச் சொற்களையும் அகராதியாகத் தொகுத்து வெளியிடுவது அந்த நூற்றாண்டில் ஒரு மோகமாகவே இருந்தது. மதுக்கடைக்கு மட்டும் எத்தனையோ சொற்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நகரத்துக்கே தெரிந்த ஒரு சொல் அவர்கள் அத்தனை பேர் காதிலும் விழாமல் எழுபது வருடம் ஒளிந்திருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஒலியும் ஒத்துவரவில்லை. 'சீக்கிரம்' என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும். அழுத்தம் விழாத கடைசி 'ஓ' அங்கே 'அ' போலத்தான் ஒலிக்கும். ரஷ்யர் வாயில் அது கிட்டத்தட்ட 'பிஸ்த்ரா'. பிரெஞ்சிலோ அழுத்தம் கடைசி அசையில்: 'பிஸ்த்ரோ'. எழுத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், காதில் கேட்டால் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. சிப்பாய் கத்தியதைக் காதால் கேட்ட கடைக்காரரிடமிருந்து பரவிய சொல் என்றால் அந்த 'ஓ' எங்கிருந்து வந்தது? புத்தகத்தில் ரஷ்யச் சொல்லின் எழுத்தைப் பார்த்த யாரோ ஒருவருக்குத் தோன்றிய யோசனை என்றால்தான் அது பொருந்தும்.

எனக்கு இவற்றை விடவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. 1884இல் அந்தச் சொல் அச்சில் வரும்போது அதற்குப் பொருள் 'கடை' இல்லை. 'கடைக்காரர்'. மது ஊற்றிக் கொடுக்கும் ஆளைத்தான் பிஸ்ட்ரோ என்றார்கள். அவர் மனைவிக்குப் பெண்பாலில் 'பிஸ்த்ரோத்' என்ற சொல்லும் புழங்கியது. ஆளின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு ஏறியது. நமக்கு இது புதிதா என்ன? 'அண்ணாச்சியிடம் வாங்கி வா' என்பது 'அண்ணாச்சி கடை'யாகி, கடைசியில் அண்ணாச்சியே இல்லாத கடைக்கும் அதே பெயர் நிற்கிறதே, அப்படித்தான். 'சீக்கிரம்' என்ற சொல் எப்படி முதலில் ஓர் ஆளின் பெயராகும்? யாராவது உங்களிடம் 'சீக்கிரம்' என்று கத்தினால், அந்த வட்டாரம் உங்களையே 'சீக்கிரம்' என்று கூப்பிடுமா?

சரி, அப்படியானால் எங்கிருந்துதான் வந்தது? நேர்மையான அகராதிகள் 'மூலம் தெளிவில்லை' என்று எழுதிவிட்டுச் சில வேட்பாளர்களை நிறுத்துகின்றன. மேற்கு பிரான்சின் புவாத்து வட்டார வழக்கில் 'பிஸ்த்ரோ' என்றே ஒலிக்கும் ஒரு சொல் உண்டு. எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு. எடுபிடிப் பையன், வேலைக்காரச் சிறுவன் என்று பொருள். மதுக்கடையில் வேலை பார்க்கும் பையனிலிருந்து கடைக்காரருக்குப் போயிருக்கலாம் என்பது ஒரு வாதம். வட பிரான்சில் 'பிஸ்தூய்' என்று ஒன்று இருக்கிறது: காபியில் சாராயம் கலந்து குடிப்பது. மட்டமான சாராயத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. அதை விற்பவர் பிஸ்ட்ரோ என்பது இன்னொரு வாதம். மட்டமான மதுக்கடைக்குக் கொச்சையில் 'பிஸ்தேங்கோ' என்ற சொல்லும் இருந்தது. மதுக்கடைக்காரருக்கு ஏற்கெனவே 'மாஸ்த்ரோக்கே' என்ற சொல் வழங்கி வந்தது. அதன் வாலை மட்டும் வெட்டி 'த்ரோக்கே' என்று இன்றைக்கும் மூலைக் கடையைச் சொல்வார்கள். 'பிஸ்' என்று தொடங்கும் சொற்களும் 'த்ரோ' என்று ஒலிக்கும் சொற்களும் ஒரே மதுக்கடையில் உலவும்போது, ஒன்றோடொன்று உரசிப் புதிதாக ஒன்று பிறப்பது கொச்சை மொழியில் சகஜம். ஒரே ஒரு தாய்ச் சொல்லைத் தேடுவதே தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பந்தயம் கட்டச் சொன்னால் புவாத்துப் பையன் மேல் கட்டுவேன், ஏனென்றால் அவன் ஒருவன்தான் ஆளாக இருக்கிறான், மற்றவை எல்லாம் சரக்காகவும் இடமாகவும் இருக்கின்றன.

1884 என்ற வருடமும் சும்மா வந்ததாக எனக்குப் படவில்லை. 1880 ஜூலை 17இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. அதுவரை மதுக்கடை திறக்க அரசு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அரசியல் பேசும் இடங்களை ஒடுக்குவதற்காகவே போட்ட கட்டுப்பாடு அது. புதிய சட்டப்படி நகராட்சியில் ஒரு அறிவிப்புக் கொடுத்தால் போதும், கடை திறக்கலாம். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. கடை பெருகினால் கடைக்காரருக்குப் புதுச் செல்லப்பெயர் பிறக்காதா?

அந்தக் கடைகளில் நின்றவர்கள் யார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரான்சின் நடுவே ஓவெர்ஞ் என்ற மலைநாடு இருக்கிறது. எரிமலைக் கல், நீண்ட குளிர், கொஞ்சம் நிலம், நிறையப் பிள்ளைகள். அங்கிருந்தும் பக்கத்து அவேரோனிலிருந்தும் ஆண்கள் பிழைப்புத் தேடிப் பாரிசுக்கு வந்தார்கள். முதலில் வாளியில் தண்ணீர் சுமந்து மாடி மாடியாக ஏற்றிக் கொடுத்தார்கள். வீடுகளுக்குக் குழாய் வந்ததும் கரிக்கும் விறகுக்கும் மாறினார்கள். கரிக்காரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையும் ஓவெர்ஞ்காரர் என்பதையும் கேலியாக ஒட்டி 'ஷார்பூஞா' என்றார்கள், அது சுருங்கி 'பூஞா' ஆனது. பூஞாவின் கடைப் பலகையில் 'மதுவும் கரியும்' என்று எழுதியிருக்கும். கணவர் கரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போவார், மனைவி கடையில் நின்று வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பை மது ஊற்றுவார். மத்தியானம் அடுப்பில் தங்கள் குடும்பத்துக்கு வைத்த குழம்பில் ஒரு தட்டு தெருவில் வேலை பார்க்கும் கொத்தனாருக்கும் கிடைக்கும். பிஸ்ட்ரோவில் சாப்பாடு நுழைந்தது பெரும்பாலும் இப்படித்தான், வீட்டுச் சமையலின் மிச்சமாக.

ஒருவர் கடை போட்டால் ஊரிலிருந்து தம்பியை வரவழைப்பார், தம்பி மச்சானை. 1882இல் 'பாரிஸ் ஓவெர்ஞ்காரர்' என்ற பெயரில் தங்களுக்கென ஒரு செய்தித்தாளே தொடங்கிவிட்டார்கள். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் உட்கார்ந்து புகழ்பெற்ற லிப் கடையை 1920இல் வாங்கியவர் மார்செலென் காஸ், அவேரோனின் லாகியோல் ஊர்க்காரர். அந்த லாகியோல் ஊரின் மடக்குக் கத்தியில் தக்கை திருகி சேர்ந்ததும் பாரிஸ் கடைகளுக்கு வேலைக்குப் போனவர்களால்தான் என்பார்கள். இன்று அந்தச் சங்கிலியில் வேறு கண்ணிகள். பாரிஸ் சமையலறைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கி அடுப்பு வரை போன இலங்கைத் தமிழர்கள் எத்தனையோ பேர். என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணன் செய்த வெள்ளைக் கன்றிறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பாட்டி செய்தது போலவே இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லி அனுப்புவார்கள். 2023இல் பாரிசின் சிறந்த பாகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கி, ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் ரொட்டி கொடுக்கும் உரிமை பெற்றதும் ஓர் இலங்கைத் தமிழரின் கடைதான்.

கொசாக் கதை ஏன் இவ்வளவு பரவியது என்றும் கேட்கலாம். 1890களில் பிரான்சும் ரஷ்யாவும் கூட்டாளிகள் ஆனார்கள். 1900இல் பாரிசில் திறந்த பாலத்துக்கே மூன்றாம் அலெக்சாந்தர் பெயர். ரஷ்யா என்றாலே கவர்ச்சியாக இருந்த காலம். படையெடுப்பாளரை விருந்தாளியாக மாற்றும் ஒரு கதை அப்போது இரு பக்கத்துக்கும் இனித்திருக்கும். வேடிக்கை என்னவென்றால் ரஷ்யர்களிடம் இதே கதை திருப்பிப் போட்டு இருக்கிறது. ஓசியில் வாழும் ஏமாற்றுக்காரனை ரஷ்ய மொழியில் 'ஷரமீஷ்னிக்' என்பார்கள். 1812இல் மாஸ்கோவிலிருந்து பசியோடு பின்வாங்கிய பிரெஞ்சுச் சிப்பாய்கள், 'அன்பு நண்பா' என்பதைப் பிரெஞ்சில் 'ஷேர் அமி' என்று சொல்லிக் கையேந்தினார்கள், அதிலிருந்து வந்த சொல் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். மொழியியலாளர்கள் அதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட கதைகள் எல்லாமே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சில் கதவுக்கு மேலே இருக்கும் சின்னத் திறப்புச் சன்னலுக்கு 'வாசிஸ்தாஸ்' என்று பெயர். ஜெர்மனில் 'அது என்ன?' என்று கேட்கும் வாக்கியம் அப்படியே சொல்லாகிவிட்டது. கேட்டால் கட்டுக்கதை போல இருக்கும், ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது, அகராதிகளும் ஏற்கின்றன. தேதி கைகொடுத்தால் விசித்திரமான கதையும் நிற்கும்.

இனி இரண்டாவது கேள்வி. வேறு வேறுதான், ஆனால் கோடுகள் இப்போது மங்கிவிட்டன. 'ரெஸ்டாரன்ட்' என்பது முதலில் ஒரு சூப்பின் பெயர். உடம்புக்குத் தெம்பு தரும் சாறு என்று பொருள். 1760களில் பாரிசில் அதை விற்ற கடைகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'பிராஸ்ரி' என்றால் பீர் காய்ச்சும் இடம். 1864இல் தொடங்கிய போஃபான்ஜேர் போல, அல்சாஸ்காரர்கள் பீரோடும் புளித்த முட்டைக்கோஸோடும் பாரிசுக்குக் கொண்டுவந்தது. 1871இல் அல்சாஸ் ஜெர்மனியிடம் போனபின் இன்னும் பலர் வந்தார்கள். பெரிய கூடம், கண்ணாடிச் சுவர், காலையிலிருந்து இரவு வரை நிற்காத அடுப்பு. கஃபேயில் குடிப்பதுதான் முதன்மை, சாப்பாடு துணைக்கு. 'பூயோன்' என்பதற்கும் சூப் என்றுதான் பொருள். தொழிலாளிகளுக்கு மலிவாகப் பரிமாறிய பெரிய கூடங்கள். 1896இல் திறந்த ஷார்த்தியே இன்றும் வரிசையோடு நடக்கிறது. லியோன் நகரத்தில் பிஸ்ட்ரோவின் உறவுக்காரப் பெயர் 'புஷோன்'. அதையும் எல்லாரும் பாட்டில் தக்கை என்று நினைப்பார்கள். விடுதி வாசலில் அடையாளமாகத் தொங்கிய வைக்கோல் அல்லது இலைக் கொத்துதான் அது.

பிஸ்ட்ரோவைப் பிரித்துக் காட்டுவது அளவு. பத்துப் பதினைந்து மேசை, முதலாளியே கல்லாவில், கரும்பலகையில் சாக்கட்டியால் அன்றைய சாப்பாடு. நின்று குடிக்கும் முகப்பு மேடைக்கு 'ஸான்க்' என்று பெயர், அதாவது துத்தநாகம். பெயர்தான் அப்படி, நல்ல மேடைகள் பெரும்பாலும் வெள்ளீயக் கலவையில் வார்த்தவை. ஸான்கில் நின்றபடி குடிக்கும் காபி மேசையில் உட்கார்ந்து குடிப்பதை விட மலிவாக இருக்கும். சாப்பாடு என்றால் மயோனைஸ் ஊற்றிய அவித்த முட்டை, வினிகிரெட்டில் ஊறிய லீக்ஸ், மதுவில் வெந்த மாட்டிறைச்சி, கேரமல் புட்டிங். முட்டை மயோனைஸைக் காப்பாற்ற ஒரு சங்கமே இருக்கிறது, சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்கள் வெங்காய சூப்பில் மட்டும் ஏமாறக் கூடாது. அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கும்.

1992இல் இவ் காம்திபோர்த் என்ற சமையல்காரர், ஆடம்பர ஓட்டல் சமையலறையில் கற்றதை எடுத்துக்கொண்டு, பாரிசின் 14ஆம் வட்டத்தில் 'லா ரெகலாத்' என்று ஒரு எளிய கடை திறந்தார். வெள்ளை மேசை விரிப்பும் கையுறை போட்ட பரிமாறுபவரும் இல்லாமல், சமையலில் மட்டும் அதே கவனம். பலர் பின்தொடர்ந்தார்கள். 2004இல் செபாஸ்தியன் தெமோரான் என்ற உணவு எழுத்தாளர் பிஸ்ட்ரோவையும், உயர்தரச் சமையற்கலையைக் குறிக்கும் 'காஸ்த்ரோனமி'யையும் ஒட்டி, இதற்குப் 'பிஸ்ட்ரோனமி' என்று பெயர் வைத்தார். இந்தச் சொல்லுக்குப் பெற்றோர், பிறந்த வருடம் எல்லாம் தெரியும். தாத்தா பெயர்தான் தெரியாது.

பிஸ்ட்ரோ என்று பலகை மாட்டியதெல்லாம் நல்ல கடையும் இல்லை. ஒரு ரயில் நிலையத்துக்கு எதிரே, சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பும் பழைய விளம்பரத் தட்டுகளுமாக இருந்த கடையில், எனக்கு வந்த மாட்டிறைச்சிக் குழம்பு பிளாஸ்டிக் பையிலிருந்து சுடவைத்தது. நடுவில் பனிக்கட்டி. 2014இலிருந்து, கடையிலேயே பச்சைப் பொருளிலிருந்து சமைத்ததற்கு, சட்டிக்கு மூடியாகக் கூரை வரைந்த ஒரு சின்னம் போட விதி இருக்கிறது. பட்டியலில் அதைத் தேடுங்கள். நாற்பது வகை இருக்கும் பட்டியலை விட, நாலு வரி எழுதிய கரும்பலகையை நம்புங்கள். போனதும் 'போன்ழூர்' சொல்லாமல் எதுவும் கேட்காதீர்கள். குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம், சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. நேரம்தான் முக்கியம்: பல பிஸ்ட்ரோக்களில் சமையலறை மத்தியானம் இரண்டு, இரண்டரைக்கு மூடினால் மாலை ஏழுக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்குப் போய் எந்த மொழியில் 'சீக்கிரம்' என்று கத்தினாலும் ஒன்றும் வராது. பக்கத்துப் பிராஸ்ரிக்குப் போய்விடுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் யாராவது கேட்பார்கள். பிரெஞ்சில் கடைசியில் 'டி' எழுத்தோடும் எழுதுவார்கள், இல்லாமலும் எழுதுவார்கள், இரண்டும் சரி. 1884இல் வந்தது 'டி' இல்லாத வடிவம். பிரெஞ்சில் இதே ஒலியில் முடியும் சொற்கள் பலவற்றில் அந்த எழுத்து இருப்பதால் இதிலும் வந்து ஒட்டிக்கொண்டது. எப்படி எழுதினாலும் அது ஒலிக்காது.